கூடார வாசலில் கழற்றிவிட்ட செருப்பு

நான் பஹ்ரைனில் நர்ஸ். ஈத் லீவில் கணவரும் நானும் கென்யாவில் ஒரு வனப்பூங்காவுக்குள் இருக்கும் கூடார விடுதிக்குப் போனோம். பஹ்ரைனில், குதைபியா பகுதியில் எங்கள் ஃபிளாட் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவது போலவே அங்கும் கூடாரத்துக்கு வெளியே விட்டோம். “உள்ளே எடுத்து வையுங்கள்” என்றார் விடுதிப் பணியாளர். செருப்பைப் போய் யாராவது படுக்கையறையில் வைப்பார்களா?

காலையில் கணவரின் புதுத் தோல் செருப்பில் ஒன்றைக் காணோம்.

“அவந்தான் எடுத்திருப்பான். வந்ததுலேருந்து செருப்பையேல்லா பாத்துட்டு நின்னான்” என்றார் கணவர்.

“ஒத்தச் செருப்ப வச்சு அவருக்கு என்ன சோலி?”

“இன்னொண்ணுக்கும் வருவான், பாரு.”

எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. பணியாளர் காபி கொண்டுவந்தபோது அவர் காலைத்தான் பார்த்தேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், மிச்சமிருந்த செருப்பை வாசலில் வைத்துவிட்டு, அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க உள்ளே காத்திருந்தோம். வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கணவர் சட்டென்று வாசல் ஜிப்பைத் திறந்தார்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு கழுதைப்புலி, வாயில் செருப்போடு எங்களைப் பார்த்து நின்றது. “யேசுவே!” என்று மட்டும்தான் எனக்கு வந்தது. நல்லவேளை, அது திரும்பிப் புதருக்குள் ஓடிவிட்டது.

அந்தப் பயம் இன்னும் விடவில்லை. இப்போது குதைபியாவிலும் செருப்பை வீட்டுக்குள்தான் வைக்கிறோம். எதிர் ஃபிளாட் தஞ்சாவூர்ப் பெண் நேற்று முகம் வாடிக் கேட்டாள்: “ஏங்க்கா, எங்க மேல எதுவும் சந்தேகமா?”

கழுதைப்புலி என்று சொன்னால் நம்பவா போகிறாள்?