சம்பந்தி குலுக்கிய சீட்டு

என் சம்பந்திக்கு விமானங்களில் சீட்டு மாட்டும் வேலை. விமானத் தரையில் நீளமாக ஒரு டிராக் ஓடும், அதில் வட்ட வட்டமாகத் துளைகள். சீட்டின் காலைத் துளையில் இறக்கி, அரை விரல் தள்ளிப் பூட்டினால்தான் பிடிக்கும். தள்ளாமல் விட்டாலும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் விமானம் தரையில் மோதினால் ஆளோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் மாட்டியதை எல்லாம் பிடித்துக் குலுக்குவார். முடிவெட்டப் போனாலும் நாற்காலியைக் குலுக்கிவிட்டுத்தான் உட்காருவார். என் மகள் அவர் காதுபடவே ‘குலுக்கி மாமா’ என்பாள்.

பேரன் பிறந்ததும், அவனையும் மகளையும் கூட்டிவர நாங்கள் இரண்டு தாத்தாக்களும் போனோம். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. திரும்பும்போது விமானத்தில் மகள் உட்காரப் போன சீட்டைச் சம்பந்தி குலுக்கினார். அது லேசாக ஆடியது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “உக்காராதம்மா. புள்ளைய அப்பாகிட்ட குடு.”

“மெத்தைதான் ஆடுதோ என்னவோ, சம்பந்தி.”

“இல்லீங்க. கால் ஆடுது.”

பின்னாலிருந்து ஒருவர், “பெரியவரே, அது என்ன மாமரமா, இந்த உலுக்கு உலுக்குறீங்க?” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பணிப்பெண் ஓடி வந்தாள். “எல்லாம் பாத்ததுதான் சார்.”

“பாத்திருப்பாங்கம்மா. பாத்தா தெரியாது.”

என் தோளில் தூங்கிய பேரனின் மூச்சு கழுத்தில் படப் படப் பயம் ஏறியது.

மெக்கானிக் டார்ச்சோடு வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. “கார்ப்பெட் மாத்தக் கழட்டின சீட்ட, திருப்பி மாட்டினவங்க தள்ளாம விட்டிருக்காங்க,” என்றார் மெதுவாக.

சிரிப்பு அடங்கியது. மாமரம் என்று கேட்டவர் எழுந்து தன் சீட்டைக் குலுக்கினார். அடுத்து அவர் மனைவி. பிறகு விமானம் முழுக்க ஆளாளுக்குக் குலுக்கினார்கள். மெக்கானிக் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தார். வேறெதுவும் ஆடவில்லை.

எங்கள் சீட்டைத் தள்ளிப் பூட்டியபோது ‘டக்’கென்று சத்தம் கேட்டது. சம்பந்தி குலுக்கினார். அசையவில்லை. மறுபடியும் குலுக்கினார்.

“போதும் மாமா!”

“இன்னும் ஒரே ஒரு தடவ, தாயி.”

விமானம் இறங்கும்போது சக்கரம் தரையில் ‘தடால்’ என்று தட்டியது. நான் பேரனைத்தான் பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டான். சம்பந்தி கண்ணை இறுக மூடி, குனிந்து மகளுடைய சீட்டின் காலைப் பிடித்திருந்தார். விமானம் நின்ற பிறகும் அந்தக் கையை நான்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்க் காலித் தொட்டிலைக் குலுக்கினார். மறுபக்கத்தை நான் பிடித்துக் குலுக்கினேன்.