பெரியப்பா கட்டிய பூப்பொட்டலங்கள்

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனல் பறக்கும். “ஆவேசமா பேசுறவன் வேணாம், காரியத்த முடிக்கிறவன்தான் தலைவன்” என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த வாதத்தை நான் ஒன்பது வயதிலேயே கேட்டாயிற்று.

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டம் கைமாறிய சமயம் அது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்தால் டவுன் ஓரமாக வீடும் கோயிலுக்கு இடமும் தருவதாகப் புது முதலாளி சொன்னார். மறுத்தால் கோர்ட்டுக்குப் போவாராம். இதைப் பேசக் கோயிலில் கூடிய கூட்டத்தில், கோயில் தலைவரான பெரியப்பா எழுந்தார். “நம்ம பாட்டன் காட்ட அழிச்ச மண்ணுடா இது! ஒரு பிடிகூட விடமாட்டேன்!” அவர் முழங்கினால் எனக்கே மயிர்க்கூச்செறியும்.

அவர் தங்கையான என் அத்தை முழங்கவில்லை. “மழ பேஞ்சா யாரு வீடு ஒழுகலையோ அவங்க கையத் தூக்குங்க” என்றார். ஒரு கையும் எழவில்லை. “பாட்டன் காட்ட அழிச்சது புள்ளைங்க நல்லா இருக்கத்தானே, அண்ணே? கோர்ட்டுல தோத்தா வீடும் போச்சு, கோயிலும் போச்சு. வீராப்பு கூரையாகாது லா.” அப்பாடி, அத்தைக்கு என்ன வாய்!

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. உடன்பிறந்தவர்களே முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் பெரியப்பாதான், ஆத்தாளிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். சிவப்பு அரளி வந்தால் இருப்பது, வெள்ளை வந்தால் போவது. அவரே இரண்டு வாழையிலைப் பொட்டலங்களைக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார். எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா சொல்லிட்டா. இனிமே யாரும் பேசக்கூடாது” என்றார். அதுவரை குதித்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? சிவப்புப் பூவைப் பார்க்கும் ஆசையில் மற்றப் பொட்டலத்தைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிரித்தேன். அதிலும் வெள்ளை! நிமிர்ந்தால் எதிரே பெரியப்பா. பொட்டலத்தை மெல்ல வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். “யாருகிட்டயும் சொல்லிடாத, தாயி.” அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பாவம், நிறம் தெரியாமல் தப்பாகக் கட்டிவிட்டு வெட்கப்படுகிறார் என்று எனக்கு ஒரே வருத்தம். பூ விஷயத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. ஆனால் பெரியப்பாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.