செவ்வாய்க்கிழமைகளில் சாகக் கிடப்பவர்

இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த உண்ணாமலை அம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, முறுக்குக் கடிக்கும் பற்கள் அத்தனையும் பத்திரம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் அவருக்குப் புற்றுநோய் முற்றிவிடும். மதியத்துக்குள் குணமாகி, பேருந்து பிடித்து வீடு திரும்பி, சேலைகளுக்குக் குஞ்சம் கட்ட உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு ஒழுங்கான நோயாளியை மருத்துவ உலகம் கண்டதில்லை.

சேலம் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவருக்கு இதுதான் வேலை. குணமாக்க முடியாதவர்களின் வலியைத் தணிக்கவும், கடைசி நாட்களை நல்லபடியாகக் கழிக்கத் துணை நிற்கவும் அங்கே மாணவர்களுக்கு ஒரு வகுப்பு உண்டு. கெட்ட சேதியைப் பக்குவமாகச் சொல்வது அதில் ஒரு பாடம். நிஜ நோயாளியிடம் பழகிப் பார்ப்பது பாவம் என்பதால் நடிக்க ஓர் ஆள். நாலு வருடமாக அது உண்ணாமலை. இந்தப் பதவியால் தெருவில் அவருக்குக் கூடிய மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. யாருக்குத் தலைவலி என்றாலும், "எங்க காலேஜ்ல" என்றுதான் தொடங்குவார்.

அந்தப் பதவிக்கு ஆபத்து கல்லூரி முதல்வர் பாலசுந்தரத்தின் உருவில் வந்தது. உண்ணாமலை அளவுக்கு மீறி அழுகிறார், பிரசவ வார்டிலிருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள் என்பது அவருடைய வாதம். பெருமூச்சு விட்டுக் கண் சிமிட்டும் ரப்பர் பொம்மை ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டார். தேர்வு நாளில் ஒப்பாரிச் சத்தம் கேட்டால், அடுத்த வாரம் முதல் புற்றுநோய் பொம்மைக்குத்தான் என்றார். உண்ணாமலை பத்ரகாளி மேல் சத்தியம் செய்துகொடுத்தார்.

தேர்வில், கட்டில் போட்ட கல்லூரி அறை ஒன்றை நோயாளியின் வீடாகப் பாவித்து, அங்கே போய்ப் பரிசோதனை முடிவைச் சொல்ல வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் உஷாராணி மூலையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தார். முதல்வர் கதவோரம் நின்றார். முதல் மாணவன் கதிர், பாடத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பவன்.

"வாங்க சாமி, தண்ணி குடிங்க," என்று உண்ணாமலை செம்பை நீட்டினார்.

நோயாளிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று படித்த பிள்ளை, நின்றபடியே கைகூப்பி, "வேண்டாங்கம்மா," என்றான்.

செம்பு கீழே உருண்டது. உண்ணாமலை மாரில் அடித்துக்கொண்டு எடுத்த குரலில் தேர்வாளரின் பேனா தாளைக் கிழித்தது. பிரசவ வார்டு வந்து எட்டிப்பார்த்தது. முதல்வரின் முகத்தில் பொம்மை வாங்கப்போகும் களை வந்தது. கதிரோ இன்னும் சேதியைத் தொடங்கவே இல்லை.

உஷாராணி எழுந்துவந்து, ஏனம்மா அழுதீர்கள் என்று கேட்டார். வேலை போயிற்று என்று உண்ணாமலைக்குப் புரிந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல கேதஞ் சொல்ல வாரவங்கதானுங்க உக்கார மாட்டாங்க, தண்ணி வாங்க மாட்டாங்க. இந்தத் தம்பி வேண்டாம்னதுமே ஆரோ போயிட்டாங்கன்னு நெனச்சுப்புட்டனுங்க. நடிக்கோணுங்கறதே மறந்துபோச்சு."

உஷாராணி கதிரைப் பார்த்தார். "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீ சாவுச் சேதி சொல்லிட்டப்பா. வெளிய போய் மறுபடி வா."

மறுபடி வந்தவன் உட்கார்ந்தான். தண்ணீரை வாங்கிக் குடித்தான். என்னவெல்லாம் தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கட்டி பரவிவிட்டது, இனி அதை எடுக்க முடியாது. உண்ணாமலை அழவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறதா வேண்டுதலுங்க. நடப்பனுங்களா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்த கதிர் அதை விழுங்கினான். "உறுதியாச் சொல்ல முடியலீங்கம்மா. வலி தெரியாம இருக்க வேண்டியதை நாங்க செய்யறோம். நடக்க முடியாட்டி வண்டியில போலாங்களா?"

"வண்டியில போனா முருகன் ஒத்துக்குவானா?"

"அவரே மயில் மேலதானுங்க போறாரு."

சாகக் கிடந்தவர் முதலில் சிரித்தார். பிறகு தேர்வாளர். முதல்வர் சிரித்ததற்குச் சாட்சிகள் உண்டு, அவர் மட்டும் மறுக்கிறார். அந்தப் பொம்மை வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்குமா என்று உஷாராணி அவரிடம் விசாரித்தார். விளம்பரத்தில் அப்படி எதுவும் போடவில்லை என்று முதல்வர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த செவ்வாயும் வந்துவிடும்படி உண்ணாமலையிடம் சொன்னார்.

உண்ணாமலை கட்டிலை விட்டு இறங்கி, சேலையை உதறிச் செருகிக்கொண்டார்.

"வாரனுங்க. ஆனா நாலு வருசமா ஒரே நோவு சலிச்சுப்போச்சு. அடுத்த வாரம் வேற எதாச்சும் குடுங்க."