பாவாடை நிற்காத பக்கம்

இடது மார்பை எடுத்த பிறகு நான் முதலில் சண்டை போட்டது பஞ்சோடுதான். உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு, வெளியூரில் இருக்கிற என் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நானோ கணக்கு டீச்சர். நாள் முழுக்கக் கையைத் தூக்கி போர்டில் எழுதுகிற வேலை. எழுத எழுத அந்தப் பஞ்சு மெல்ல ஏறித் தோள்பட்டைக்கு வந்துவிடும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். ஒற்றை மார்போடு சொல்லிக்கொடுத்தால் கணக்கு ஒன்றும் தப்பாகிவிடாது.

பள்ளிக்கூடத்தில் வந்த துணிச்சல் ஆற்றுக்குப் போக வரவில்லை. எங்கள் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். வீட்டுக்கு வீடு பாத்ரூம் வந்துவிட்டது. ஆனாலும் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் பெண்களெல்லாம் படித்துறைக்குப் போய்விடுவோம். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டு, ஒரு வீட்டுக் கதையையும் விடாமல் அலசுவோம். போன வருஷம் சிகிச்சையில் கிடந்தேன். இந்த வருஷம் தண்ணீர் வந்தும் பாத்ரூமில் வாளியோடு உட்கார்ந்து அழுதேன். மார்பு போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

தாராளமாகக் குளிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தடுத்தது என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு ஊட்டியவள், வாந்தி அள்ளியவள். ஆனால் கட்டுப் பிரித்ததிலிருந்து அந்தப் பக்கம் மட்டும் பார்க்கமாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுப்பாள். போவதானால் நைட்டியோடு இறங்கு என்றாள். நான் என்ன துவைக்கிற துணியா என்று கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே அவளும் பின்னால் வந்தாள்.

படித்துறையில் எல்லாரும் வாங்க டீச்சர் என்றார்கள். ஆனால் கண்ணெல்லாம் என் வயிற்றின் மேலேயே இருந்தது. கர்ப்பப்பையை எடுத்தால் இடுப்புவலி போகவே போகாதாமே என்று ஒருத்தி விசாரித்தாள். குடம் கிடம் தூக்கிவிடாதீர்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். திரும்பிப் பார்த்தால் ஓரகத்தி தலை நிமிராமல் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு வரன் பார்க்கிற நேரமாயிற்றே என்று, எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எங்கள் பக்கம் அது சர்வசாதாரணம். யாரும் மேற்கொண்டு துருவமாட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். பட்ட பாடெல்லாம் என்னுடையது, அதைத் தூக்கி வேறு உறுப்புக்குக் கொடுத்துவிட்டாளே. அதே வேகத்தில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போதே பாவாடை இடது பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தாங்கி நிறுத்த அங்கே ஒன்றும் இல்லையே. கை தானாகப் போய் இழுத்துப் பிடித்தது. பிறகு வேண்டுமென்றே விட்டேன்.

"கர்ப்பப்பை அப்படியேதான் இருக்குங்க. மாருதான் இல்ல. கேன்சர் வந்துச்சு, எடுத்தாச்சு. இப்ப நல்லா இருக்கேன்."

எல்லாரும் தழும்பைப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

ஓரகத்தி துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். திட்டத்தான் வருகிறாள், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நானும் தயாராக இருந்தேன். அவள் படியில் இழைத்து வைத்திருந்த மஞ்சளை வழித்தெடுத்தாள். முதுகுப் பக்கம் போகாமல் எனக்கு நேராக வந்து நின்று, தழும்பின் மேல் தேய்க்கத் தொடங்கினாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"வலிக்குதாடி?"

"இல்லக்கா. மரத்துப்போச்சு. அங்க தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உனக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மஞ்சளை எடுத்துக்கொண்டாள்.