டவர் வளைவில் நின்ற ஜீப்பு

போன மாதம் போடியில் ஒரு கல்லூரியில், ஒரு காலத்தில் தொடர்கதை எழுதியவள் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இன்று இருக்கும் வாய்ப்புகள்’ என்பது தலைப்பு. மேடையில் சால்வை, பூச்செண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் முறைப்படி இருந்தன. நானும் முறைப்படியே பேசினேன். போனிலேயே கதை போடலாம், வாராவாரம் போட்டி நடக்கிறது, பத்திரிகைகள் இருக்கின்றன, நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது, நிறைய வாசியுங்கள், தினமும் எழுதுங்கள் என்றெல்லாம் அடுக்கினேன். பேசப் பேச எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. தினமும் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு வரி எழுதி வருடக்கணக்காகிறது.

கடைசியில் ஒரு மாணவி எழுந்து, “எழுதுறதுக்கு முக்கியமா என்ன மேடம் வேணும்?” என்று கேட்டாள். “விடாமுயற்சி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். உண்மையில் என் வாய்வரை வந்த பதில் வேறு. நமக்காக நிற்கிற ஒரு ஜீப்பு வேண்டும் என்று சொல்ல வந்தேன். சொன்னால் சிரிப்பார்களே என்று முழுங்கிவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

குரங்கணிக்கு மேலே மலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலமும் காப்பியும் இருக்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தோட்டத்துக்குள்தான் வீடு. மகன் மட்டும் போடியில் என் அம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் லோடு ஜீப்பில் இறங்குவேன், திங்கட்கிழமை காலையில் ஏறிவிடுவேன். ஜீப்பின் பின்னால் ஏலக்காய் மூட்டைகள். மூட்டைகளின்மேல் காய் பறிக்கும் பெண்கள். அவர்களுக்கும் சனிக்கிழமைதான் சம்பளம், அன்றுதான் சந்தை, அன்றுதான் ஊர்.

எங்கள் வீட்டில் அப்போது போனுக்கு சிக்னலே கிடையாது. “பலா மரத்துல ஏறி நின்னு பாரு, ஒரு கட்டை கிடைக்கும்” என்பார் வீட்டுக்காரர். மலைப்பாதையில் பாதி வழி இறங்கினால் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே மட்டும் போடி டவர் நேராக அடிக்கும். எந்த ஜீப்பும் அங்கே நிற்காமல் போனதில்லை. நின்றதும் எல்லாருடைய இடுப்பிலிருந்தும் போன்கள் ஒன்றாகக் கத்தத் தொடங்கும். ஒருத்தி புருஷனைத் திட்டுவாள், ஒருத்தி பேரனைக் கொஞ்சுவாள், ஒருத்தி யாருக்கோ சீட்டுப் பணம் கட்டச் சொல்லுவாள். வளைவைத் தாண்டினால் அடிவாரத்தில் பஸ்சு நிற்கிற முந்தல் வரும்வரை மறுபடியும் எல்லாம் செத்துவிடும். ஆகவே எல்லாரும் பேசி முடிக்கும்வரை டிரைவர் அண்ணன் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். டவர் வளைவு என்றுதான் அதற்குப் பெயர்.

அந்த வருடம்தான் நான் போனில் கதை எழுத ஆரம்பித்திருந்தேன். மத்தியானங்களில், காய் உலர்த்துகிற அறையின் வாசலில் உட்கார்ந்து, புகை நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தட்டச்சு செய்வேன். வாரத்துக்கு ஒரு அத்தியாயம். கதைகளுக்கென்றே இருக்கும் ஒரு தளத்தில் அதைப் போட வேண்டும். அம்மா வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகப் போட்டிருக்கலாம்தான். ஆனால் ஒரு வாரம் வயிற்றுக்குள் வைத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியாது. டவர் வளைவில் நின்றதுமே அனுப்பத் தொடங்கிவிடுவேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். என் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி ஓரத்தில் உட்கார்ந்து வருகிற ஒரு அக்கா உண்டு. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவர்தான் கேட்டார்.

“ஏன் தாயி, வண்டிய நிப்பாட்டிக்கிட்டு அதுல என்னத்தப் போட்டுத் தேய்க்கிற? எங்களுக்கெல்லாம் சோலி இல்லையா?”

“கதை போகுதுக்கா. இன்னும் போய் முடியலை.”

“கதையா? எங்க போகுது?”

“போயிருச்சுன்னா ஊர்ல இருக்கவங்க எல்லாரும் படிப்பாங்க.”

“அது சரி! ஊர்ல இருக்கவனெல்லாம் படிப்பான். இங்க காத்துக் கெடக்குற எங்களுக்கு ஒண்ணும் கிடையாதாக்கும்? வாசி, கேப்போம்.”

வாசித்தேன். கதை வேறொன்றும் இல்லை. மலையில் காய் பறிக்கிற ஒரு பெண்ணுக்குத் தையல் தெரியும். கீழே போய்ச் சொந்தமாக ஒரு தையல் கடை போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீட்டில் யாரும் விடமாட்டார்கள். அவள் போவாளா, மாட்டாளா? அவ்வளவுதான். நான் வாசித்து முடிப்பதற்குள் வட்டம் நின்று, அத்தியாயம் போய்விட்டிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பில் ஏறும்போதே “கொண்டா, இந்த வாரத்துக் கதைய அவுத்து விடு” என்றார்கள். வளைவுக்கு வந்தால்தான் வாசிப்பேன் என்று பிகு செய்துகொண்டேன். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வளைவில் முதலில் போன், அப்புறம் கதை. முந்தல்வரை அதைப் பற்றிய சண்டை. கதையில் வருகிற மாமியாரை ஒரு கூட்டம் வைதால் இன்னொரு கூட்டம் பரிந்து பேசும். அத்தியாயம் சப்பென்று இருந்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஜீப்பின் சத்தம் மட்டும் கேட்கும். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காது. ஓரத்து அக்காவுக்கு மட்டும் எந்த வாரமும் ஒரே தீர்ப்புத்தான். “இவ எங்க போகப் போறா? திங்கக்கிழமை பாரு, கூடையக் கட்டிக்கிட்டு நம்மகூடத்தான் நிப்பா.”

தளத்தில் முகம் தெரியாதவர்கள் பூப் படமும் கைகூப்பும் படமும் அனுப்பினார்கள். அதுவும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, நான் உண்டாக்கிய ஒருத்திக்காக ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்களே, அந்தச் சந்தோஷத்தை எனக்கு வேறு எதுவும் தந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் தளத்தில் தொடர்கதைப் போட்டி அறிவித்தார்கள். முடிந்த கதைகளை மட்டும்தான் எடுப்பார்கள். தேர்வானால் புத்தகமாகப் போடுவார்கள். என் பெயரைக் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எதிலும் அச்சில் பார்க்காதவள் நான். ஆசை பிடித்து ஆட்டியது. கடைசி நாள் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. தையல்காரியைப் போகவிடுவதா வேண்டாமா என்று மனம் ஒரு நிலைக்கு வராமல், வெள்ளிக்கிழமைதான் எழுதி முடித்தேன். அவளைப் போகவிட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மரம் விழுந்து, அதை வெட்டி ஒதுக்கி, ஜீப்பு வளைவுக்கு வந்தபோது ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எல்லாருடைய போனும் ஊமையாக இருந்தது. மழைக்கு சிக்னல் வருவதும் போவதுமாகத் தவித்தது. அனுப்பினேன், போகவில்லை. மறுபடியும் அனுப்பினேன், போகவில்லை. இனி முந்தலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறு தாண்டிவிடும்.

“போனக் கொண்டா தங்கச்சி” என்று டிரைவர் அண்ணன் வாங்கிக்கொண்டு, வளைவுக்கு மேலே இருந்த பாறையில் ஏறினார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் என் போன். தார்ப்பாய்க்குள் நாங்கள் நனைந்த கோழிகள்போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். முந்தலில் பஸ்சு இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. ஓரத்து அக்காவின் மடியில் ஒரு பை இருந்தது. அதில் கொய்யாப்பழங்கள். அவர் மகள் போடியில் விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை இருட்டுவதற்குள் போனால்தான் பார்க்க விடுவார்கள். அது எங்கள் எல்லாருக்குமே தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. “வேணாம் அண்ணே, இறங்கி வாங்க, போவோம். கதை போகலைன்னா போகட்டும்” என்று கத்தினேன்.

அவர் இறங்கப் பார்த்தார். அந்த அக்கா தார்ப்பாயை விலக்கித் தலையை வெளியே நீட்டினார். “நீ நில்லு அப்பு! எம்புள்ள அடுத்த சனிக்கிழமையும் அங்கதான் இருக்கும். இவ கதை இன்னைக்கு விட்டா அப்புறம் எங்க போகும்? கதை போகட்டும், அப்புறம் வண்டிய எடு.”

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நனைந்த முகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கதை போய்விட்டது. பாறைமேலிருந்து அண்ணன் குடையை ஆட்டிக் காட்டினார். பஸ்சு போயிருந்ததால் போடிவரை அவரே கொண்டுபோய் விட்டார். ஈரத்திலும் அவசரத்திலும் கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஓரத்து அக்காவோடு விடுதிக்கு நானும் போனேன். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். காவலாளியிடம் பையைக் கொடுத்துவிட்டு, அந்த அக்கா தெருவில் நின்றபடி மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாடி ஜன்னலில் ஒரு சின்ன உருவம் வந்து கையை ஆட்டியது. இவர் ஆட்டினார். அது போனபிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பில் அவர் இல்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தோட்டம் ஒன்றுக்கு அவரை வேலைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். இருந்தவர்களுக்கு முடிவை வாசித்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். சண்டை போட ஆள் இல்லாமல் முந்தல் சீக்கிரமே வந்துவிட்டது.

போட்டியில் என் கதை தேர்வாகவில்லை. அதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதற்கப்புறம் எங்கள் மேட்டிலேயே ஒரு டவர் வந்தது. வீட்டுக்குள் படுத்துக்கொண்டே எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஜீப்பு வளைவில் நிற்பதை விட்டுவிட்டது. நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். நேரமில்லை என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன். நேரம் முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இப்போதும் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை, அதுதான் விஷயம்.

கல்லூரிக் கூட்டம் முடிந்ததும், கேள்வி கேட்ட அந்த மாணவி என்னிடம் வந்தாள்.

“மேடம், எங்கம்மா உங்ககூட ஜீப்புல வந்தவங்க. அன்னைக்கு கேட்டுக்கு வெளிய நின்னீங்களே, நான் மேல இருந்து பாத்தேன்.”

“அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன்.

“இருக்குது மேடம். உங்க கதையில அவ போனாளா இல்லையான்னு இன்னமும் கேட்டுக்கிட்டே இருக்குது. போயிட்டான்னு நான் தளத்துல எடுத்து வாசிச்சே காட்டிட்டேன். நம்ப மாட்டேங்குது. எழுதினவ வந்து சொல்லட்டுங்குது.”

நம்பர் வாங்கி அன்றைக்கே கூப்பிட்டேன். நலம் விசாரிப்பெல்லாம் அந்த அக்காவுக்கு ஒரு நொடிதான். “அத விடு தாயி. போனாளா?”

“போயிட்டாக்கா. தையல் மிஷினை ஜீப்பு மேல கட்டிக்கிட்டுப் போயிட்டா.”

“சரி, போனா. போறப்ப திரும்பிப் பாத்தாளா?”

நான் யோசித்தேன். “அதை எழுதலைக்கா.”

“பொறகென்ன போனா? இத்தன வருசம் நம்மகூட நின்னவ, திரும்பிப் பாக்காமயா போயிருவா? நான் நம்ப மாட்டேன். எழுதிட்டுச் சனிக்கிழமை கூப்பிடு.” போனை வைத்துவிட்டார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும், மறுநாள் மத்தியானம் காய் உலர்த்துகிற அறையின் வாசலில் போய் உட்கார்ந்தேன். புகை கண்ணைக் கரித்தது. பழைய போனின் திரை கீறல் விழுந்து கிடந்தது. கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. வந்த நாலு வரியை அழித்து அழித்து, சனிக்கிழமை வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தேன். ஜீப்பில் ஏறியும் முடியவில்லை. மூட்டைகள் குலுங்க, மடியில் போனை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தேன்.

டவர் வளைவில் ஜீப்பு நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார்.

“ஏண்ணே நிப்பாட்டிட்டீங்க? பஸ்சுக்கு நேரமாச்சு” என்றாள் பின்னால், புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருத்தி.

“கதை போகணும்ல. பொறு” என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்தார்.

அந்த அக்காவைக் கூப்பிட்டு, போனை எல்லாருக்கும் கேட்கிறமாதிரி வைத்துக்கொண்டு வாசித்தேன். தையல்காரி வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்குகிறாள். மேலே பார்க்கிறாள். சரிவில் எல்லாரும் குனிந்து காய் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து கையை ஆட்டுகிறாள். இவளும் ஆட்டுகிறாள். அந்தக் கை கீழே இறங்கிய பிறகும் ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வாசித்து முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“இப்பத்தான் அவ போயிருக்கா” என்றது குரல். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. “சரி தாயி, வண்டிய வெரசா எடுக்கச் சொல்லு. அதுகளுக்குப் பஸ்சு போயிரும்.”