ரயிலடி மனை

எங்கள் ஊர் ரயில் நிலையம் என்பது ஓர் அறையும் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் உயர்த்திய மண்மேடையும்தான். நிலைய அதிகாரி கிடையாது. பக்கத்துப் பெரிய நிலையத்தில் டிக்கெட்டுகளை வாங்கிவந்து கமிஷனுக்கு விற்கும் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இளையவள். சேலத்தில் சேலைக்கடை வேலைக்குப் போய்வந்த எனக்கு அந்த நிலையம் என்றால் அவள்தான். நான் ஓடிவருவது தெரிந்தால் ரயில் கார்டிடம், "அக்கா வாராங்க, சித்த நில்லுங்க சார்" என்று கெஞ்சுவாள். வண்டி நிற்கும். நான் ஏறியதும் சன்னல் வழியாக டிக்கெட்டை நீட்டுவாள்.

நோய்த்தொற்றுக் காலத்தில் ரயில்கள் நின்றன. பிறகு பஸ்கள் ஓடின. எங்கள் பாசஞ்சர் மட்டும் வரவில்லை. அப்போதுதான் நிலையத்துக்கு எதிரே இருந்த தன் மாமனார் நிலத்தை மனை பிரித்து விற்பதாக அவள் வந்து சொன்னாள். என் வீட்டுக்காரருக்குத் தயக்கம். அவர் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்கு அங்கிருந்து தூரம்.

"வண்டி மறுபடி உடுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்கக்கா இப்படிக் கேக்கறீங்க? இன்னிக்கில்லாட்டி நாளைக்கு உடத்தானே போறாங்க. இங்க ஊடு கட்டிட்டா படியிறங்குனா வண்டி. நீங்க ஓடற வேலையே இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் சிரித்துவிட்டேன். வாங்கினோம். கடைக்கால் போட்ட அன்று முதல் கல்லுக்குப் பால் ஊற்றியவள் அவள்தான்.

குடியேறிய கொஞ்ச நாளில் ரயில் வந்தது. சாப்பாட்டுப் பையோடு மேடையில் நின்றேன். வண்டி வேகம் குறையாமல் போய்விட்டது. மறுநாளும் நின்றேன். அந்த வாரமே பெயர்ப்பலகையைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி மாதிரி இருந்தவரிடம் கேட்டேன்.

"இங்க வண்டி நிக்காதுன்னு முடிவாகி ரொம்ப நாளாச்சும்மா. டிக்கெட் குடுத்த அம்மாவக் கூப்பிட்டு அப்பவே சொல்லியாச்சு."

"எப்பங்க?"

"பஸ்ஸெல்லாம் உடறதுக்கு முன்னாலயே."

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வண்டி நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தலை நிமிரவில்லை. "தெரியுங்கக்கா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?" ஆய்ந்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "எனக்கும் பொழப்புப் போச்சுங்க. தெரியாதவங்க யாரு என் பேச்ச நம்பி வாங்குவாங்க?" என்றாள்.

நான் அவளை நம்புவேன் என்பதைக் கணக்கில் வைத்தே வந்திருக்கிறாள். திரும்பி நடந்தேன்.

இப்போது மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடிக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. அதுதான் கூடுதல் வலி. நிலைய அறையின் கதவு, சன்னல் எல்லாம் போய்விட்டன. மேடையில் மக்காச்சோளம் காயப்போடுகிறார்கள். வாசற்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அவள் ஏறினாள். தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். சேலம் வரை இருவரும் பேசவில்லை. இறங்கும்போது, "வாரேங்கக்கா" என்றாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன்.