நாற்பதடி நீண்ட சாலை

பரசுராமன் ராஜம்மாளுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். கைநீட்டி வாங்கிய கடன் அல்ல, வாய்விட்டுத் தேடிக்கொண்டது.

அந்த மனுஷன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கூலித் தறியில் உட்கார்ந்து, வயிற்றைக் கட்டி, முப்பது வயதுக்குள் இரண்டு குழித்தறி சொந்தமாகப் போட்டார். தெருவிலேயே முதன்முதலில் மூன்று படி வைத்துத் தளம் உயர்த்தி வீடு கட்டினவரும் அவர்தான். படித்தவன் எவன் கட்டினான்? ஆரணி டவுனை ஒட்டிய அந்த ஊராட்சியில், பத்து வருஷம் கழித்து தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தபோது, நெசவாளர் தெருவில் வார்டு மெம்பராக நிற்க அவரை விட்டால் ஆள் கிடையாது. நின்றார், ஜெயித்தார்.

அதுவரை ரோடு வேண்டுமென்றால் மனு எழுதிக்கொண்டு யூனியன் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது பணம் பஞ்சாயத்துக்கே வந்தது, தீர்மானமும் இங்கேயே. தொண்ணூற்றெட்டில் நெசவாளர் தெருவுக்கு சிமெண்ட் ரோடு ஒதுக்கினார்கள். ஆனால் பணம் தெரு முழுக்க எட்டவில்லை, கடைசி நாற்பதடி விட்டுப்போனது. கடைசி வீடு ராஜம்மாளுடையது. புருஷன் இல்லாதவள். முதலாளி கொடுக்கும் பட்டுப் பாவு நூலை ஒற்றைத் தறியில் ஏற்றி, கூலிக்குச் சேலை நெய்து, இரண்டு பெண்களை வளர்த்தாள்.

"இன்னாண்ணா, எங்க வூட்டாண்ட வரதுக்குள்ள ரோட்டுக்குக் காலு வலிக்குதா?" என்று கேட்டாள்.

பரசுராமனுக்குச் சுருக்கென்றது. எஸ்டிமேட்டை ஆள் வைத்துப் படிக்கச் சொன்னார். பழைய ஜல்லியை முக்காலடி தோண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அதில் இருந்தது.

"தோண்டுற கூலிய நீட்டுறதுல போடுங்க. ரோடு ஒசந்தா இன்னா, கெட்டியாத்தானே இருக்கும்?" என்றார் கூட்டத்தில். தலைவர் தலையாட்டினார். ஓவர்சீயர் பரசுராமனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க ஊரு, உங்க தீர்மானம். எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

ரோடு ராஜம்மாள் வாசல் வரைக்கும் வந்தது. "எந்த இஞ்சினீருக்காச்சும் தோணிச்சா இது?" என்று ஒரு மாசம் டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்தார் பரசுராமன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ராஜம்மாள் வாசற்படியைவிட ரோடு உயரம். தெருத் தண்ணீர் மொத்தமும் சரிந்துபோய்க் கடைசி வீட்டுக்குள் புகுந்தது. நெய்கிறவர் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழி நிரம்பி, தரைக்கு மேல் ஏறி, மூன்று சேலைக்கான பாவு நனைந்தது. அரக்குச் சாயம் கசிந்து கரையெல்லாம் ஓடியது. முதலாளி நஷ்டத்துக்கு விலை போட்டார்: நாலாயிரத்து இருநூறு. வாரக் கூலியில் முப்பது ரூபாய் பிடிக்க ஆரம்பித்தார்.

குடியரசு நாள் கிராம சபையில் ராஜம்மாள் எழுந்தாள். "ரோடு போட்டது பஞ்சாயத்து. நஷ்டத்தையும் பஞ்சாயத்தே குடுக்கட்டும்."

கிளார்க் வேணுகோபால் நோட்டைப் புரட்டினார். "ரோடு போடக் கணக்குல எடம் இருக்குதும்மா. தண்ணி பூந்ததுக்கு இல்ல."

"அப்ப யூனியன் ஆபீசுக்குப் போவட்டா?"

"போ. உங்க ஊரு தீர்மானம்தானேன்னு திருப்பி அனுப்புவாங்க."

பின்னாலிருந்து ஒருவன், "மெம்பரு ரோடு போட்டாரா, வாய்க்கா வெட்னாரா?" என்றான். சபை சிரித்தது.

பரசுராமன் எழுந்தார். "எவனும் குடுக்க வாணாம். இந்தப் பரசுராமன் குடுப்பான், கைக்காசு!"

கைதட்டினார்கள். கிளார்க் அதை நோட்டில் எழுதவில்லை.

அந்த வருஷமே நூல் விலை ஏறி அவருடைய இரண்டாவது தறி நின்றது. மூத்த பெண்ணின் கல்யாணம் வேறு. விடிந்து பல் துலக்கும்போதே ஆட்கள் வாசலில் நின்றார்கள், பல்பு எரியவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்று. எந்த அதிகாரியிடமும் காட்டாத கோபத்தை அவரிடம் காட்டினார்கள். ராஜம்மாள் மட்டும் வரவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தன் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நெய்துகொண்டிருந்தாள். அவர் பின்சந்து வழியாகப் போய்வரப் பழகிக்கொண்டார். போகப்போக எதுவும் உறைக்கவில்லை. தட்டில் என்ன விழுந்தது என்று தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார்.

இரண்டாயிரத்தொன்றில் பதினேழு ஓட்டில் தோற்றார். துக்கம் கேட்பதுபோல் தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை அவருக்கு. மறுவாரம் ஆள் கூட்டிவந்து, நின்றுபோன தறியின் தலைமேலிருந்த ஜக்கார்டு பெட்டியை இறக்கி விற்றார். சேலையில் பூ விழவைக்கும் பெட்டி அது, அவர் சம்பாதித்து வாங்கிய முதல் பெரிய சாமான்.

"மெம்பரா இருந்தப்ப குடுக்கல. இப்ப யாரு கேட்டாங்க?" என்றாள் மனைவி குணசுந்தரி.

"யாரும் கேக்கல."

தெரு வழியாகவே நடந்து போனார். ராஜம்மாள் தறிக்குழியில் இருந்தாள். அவர் மடியிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தார்.

"அதான் கூலியிலயே புடிச்சி முடிச்சிட்டாங்களேண்ணா. போன ஆடியோட தீந்துச்சி."

"தெரியும். கைய நீட்டு."

"இப்ப நீங்க மெம்பரு கூட இல்லியே."

"நீட்டும்மா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள். நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, தெருவுக்கே கேட்கிற குரலில் எண்ணி வைத்தார். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினார். நோட்டை மட்டும் வைத்தார். மிச்சத்தை அவள் எண்ணினாள், நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று.